இழுப்பறையில் மூன்று ஜோடி கார்பன்

போன மாதம் கடைப்பக்கம் போயிருந்தபோது, சர்வீஸ் மேசையில் இப்போது வேலை பார்க்கும் இருவரும் என்னிடம் ஒன்று கேட்டார்கள்.

"அண்ணே, இப்ப முக்காவாசிப் பேரு குட்டி மிஷின ஆன்லைன்ல வாங்கிடுறாக. கெட்டுப்போனாத்தான் நம்மகிட்ட வாராக. எப்படிப் பிடிக்கணும்னுகூட அவுகளுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. நீங்கதான் எல்லாத்தையும் நோட்டுல எழுதுவீகளே, எங்களுக்கும் செத்த எழுதிக் குடுங்க."

சரி என்றேன். பிடிக்கும் விதம், வேகம், பிட்டு வகைகள் எல்லாம் ஒன்றரைப் பக்கத்தில் முடிந்துவிட்டன. அதைத் தனியாகக் கொடுத்திருக்கிறேன். இது அவர்கள் கேட்காதது. ஆனால் சர்வீஸ் மேசையில் உட்காருகிற எவருக்கும் நான் சொல்ல வேண்டியது இதுதான் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

திண்டுக்கல்லில், பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கும் தூரத்தில் உள்ள அந்த பவர் டூல்ஸ் கடையின் சர்வீஸ் பிரிவில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தேன். ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரிகல் முடித்தேன். இரண்டு வருடம் மோட்டார் காயில் கட்டினேன். பிறகு இங்கே வந்தேன். பயிற்சி என்று சொல்ல அவ்வளவுதான். வலது கை விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்ததால் ஐம்பத்திரண்டு வயதில் நானே விலகிக்கொண்டேன். அதிர்கிற மிஷினை வருடக்கணக்காகப் பிடித்தால் அப்படி வரும். இடைவெளி விட்டுப் பிடியுங்கள்.

கடைசிப் பத்து வருடம் குட்டி மிஷின்கள் என் பொறுப்பு. டார்ச் லைட் அளவே இருக்கும் கைச்சுழல் கருவியைத்தான் கடையில் அப்படிச் சொல்லுவோம். முனையில் பிட்டை மாற்றி மாற்றி மாட்டித் துளைக்கலாம், அறுக்கலாம், குடையலாம், தேய்க்கலாம், மெருகு ஏற்றலாம். தொழிலுக்கு வாங்குபவர்கள் குறைவு. வீட்டில் டைல்ஸில் ஓட்டை போட, ஜன்னல் சட்டத்தைத் தேய்க்க, சிரட்டையில் ஏதாவது செதுக்கிப் பார்க்க என்று வாங்குபவர்கள்தான் அதிகம். அவர்களுக்குச் செய்து காட்டுவதும் என் வேலை. மேசையில் மூன்று துண்டுகள் வைத்திருப்பேன்: மரம், பி.வி.சி. குழாய், டைல்ஸ். பென்சில் பிடிப்பதுபோல் பிடிக்கச் சொல்வேன். அழுத்தாமல் தடவச் சொல்வேன். மிஷின் சத்தம் இறங்கினால் நீங்கள் அழுத்துகிறீர்கள் என்று அர்த்தம். மரத்துக்கு வேகம் கூட்டலாம், பிளாஸ்டிக்குக்குக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் உருகி பிட்டில் ஒட்டிக்கொள்ளும். பதினான்கு நிமிடத்தில் சொல்லி முடித்துவிடுவேன்.

முதலாளி ஜமால் பாய். அவர் கடையில் இருந்தால் பழுது என்று வந்த எந்த மிஷினையும் உடனே கழற்ற விடமாட்டார். பிளக்கில் செருகி ஓட விடுவார். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். நான் கடிகாரம் வைத்துப் பார்த்ததில் இருபத்தெட்டிலிருந்து முப்பத்திரண்டு வினாடி ஆகும். பிறகு கண்ணைத் திறந்து "பேரிங்" என்பார், அல்லது "கார்பன்" என்பார். மோட்டாருக்கு மின்சாரத்தைக் கடத்தும் இரண்டு சிறு கரித்துண்டுகளைத்தான் கார்பன் என்கிறோம். அவர் சொன்னது தப்பாகப் போனதாக என் நோட்டில் இரண்டே தடவைதான் இருக்கிறது. அவர் திட்டியும் நான் கேட்டதில்லை. ஒரு மிஷினைத் திறந்து, முன்பு வேலை பார்த்தவன் செய்த கோளாறு தெரிந்தால், "யாரு கை இது?" என்று மட்டும் கேட்பார். செய்தவன் எழுந்து வந்து எடுத்துப் போய்விட வேண்டும். அதற்குமேல் ஒரு வார்த்தை இருக்காது. அதனால் அந்த மூன்று வார்த்தையைக் கேட்காமல் இருக்க நாங்கள் எல்லோரும் பாடுபடுவோம்.

நல்ல வேலை என்றால் என்ன சொல்வார்? பெரும்பாலும் "சுத்தமா இருக்கு." நான் வாங்கிய பெரிய பாராட்டு அது. மூன்று மாதம், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், வீட்டு மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து ஒரு அக்ரிலிக் பலகையில் மலைக்கோட்டையைச் செதுக்கினேன். பாறையின் வளைவை ஃபோட்டோவிலிருந்து கட்டம் போட்டு எடுத்தேன். ஒரு கோடுகூட அரை மில்லி விலகவில்லை. கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாய் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "சுத்தமா இருக்கு சந்திரா" என்றார். கண்ணாடி அலமாரியில் முதல் தட்டில் வைத்தார். அன்று நான் வீட்டுக்கு நடந்தே போனேன்.

பொன்னுத்தாய் கடைக்கு வந்தது அதற்கு ஒரு வருடம் கழித்து. வத்தலக்குண்டு ரோட்டில் ஒரு ஊர். கத்திரிக்காயும் செவ்வந்தியும் போடுகிற குடும்பம். கையில் துணிப்பை, அதில் ஒரு குட்டி மிஷின். பெயர் தெரியாத கம்பெனி, சந்தையில் விற்கிற ரகம்.

"அண்ணே, இத எங்க தங்கச்சி மகன் வாங்கி ரெண்டு நாள் வெளையாண்டுட்டுப் போட்டுட்டான். மரத்தக் கொடையும்ல இது?"

"குடையும். என்ன செய்யப் போறீங்க?"

"கரண்டி."

அவர் கணவர் கருப்பையாவுக்கு ஏழு மாதத்துக்கு முன் வலது பக்கம் இழுத்துவிட்டது. காலில் தெம்பு வந்துவிட்டது. கை மட்டும் தோளிலிருந்து அசைந்தாலும் விரல்கள் மடங்கியபடியே இருந்தன. சோற்றைப் பிசைய முடியாது. சாதாரணக் கரண்டி நழுவிவிடும். ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுப்பவர் பிடி தடிமனாக இருக்கிற கரண்டி வைத்துப் பழகச் சொல்லியிருந்தார். பொன்னுத்தாய் துணி சுற்றிப் பார்த்தார். நனைந்து நாறியது.

"எடக்கையால சாப்பிடலாமே?" என்று கேட்டேன்.

"வீட்டுக்குள்ள சாப்பிடுறாரு. ஆளு வந்தா சாப்பிட மாட்டேங்காரு. நாலு பேரு முன்னாடி எடக்கைய எலையில வச்சா நான் மனுசனான்னு கேக்காரு. நான் ஊட்டுனாலும் வேணாங்காரு."

அவருக்கும் பதினான்கு நிமிடம் சொல்லிக் கொடுத்தேன். மிஷினைப் பென்சில்போல் பிடிக்காமல், கத்திரிக்காயைச் சீவுகிற மாதிரி உள்ளங்கையில் பிடித்துக் கட்டைவிரலைக் கட்டையில் முட்டுக்கொடுத்தார். மூன்று முறை திருத்தினேன். "சரிண்ணே, சரிண்ணே" என்று சொல்லிவிட்டு நான்காம் முறையும் அப்படியே பிடித்தார்.

இரண்டு வாரத்தில் முதல் கரண்டியோடு வந்தார். உப்புத்தாள் உருளை தேய்ந்துவிட்டது, வேறு வேண்டும் என்று வந்தவர் பேச்சோடு பேச்சாக அதை எடுத்து மேசையில் வைத்தார். எவர்சில்வர் கரண்டியின் காம்பை வெட்டி, பூவரசங்கட்டைப் பிடியில் இறக்கியிருந்தார். பிடியில் நான்கு விரலுக்கும் நான்கு பள்ளம். ஒன்றுக்கொன்று சமமே இல்லை. சுண்டுவிரல் பள்ளம் கோணிக்கொண்டு போனது.

"இந்த அளவு எப்படி எடுத்தீங்க?"

"அளவெல்லாம் இல்லண்ணே. சப்பாத்தி மாவ உருட்டி அவரு கையில குடுத்துப் புடிக்கச் சொன்னேன். அது காஞ்சதும் பக்கத்துல வச்சுக்கிட்டு, அதப் பாத்துப் பாத்துக் கொடைஞ்சேன்."

உள்ளே இருந்து ஜமால் பாய் வந்தார். கரண்டியை எடுத்தார். தன் கையில் பொருந்தாது என்று தெரிந்தும் அதை மூடிப் பிடித்தார். பிறகு கண்ணை மூடினார். மிஷினுக்குத்தான் அவர் அப்படிச் செய்து நான் பார்த்திருக்கிறேன். அவர் ஒன்றுமே சொல்லவில்லை. "சுத்தமா இருக்கு" என்றுகூடச் சொல்லவில்லை. அது சுத்தமாகவும் இல்லை, கழுத்துப் பகுதியில் தேய்த்த தடம் அப்படியே தெரிந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். நாற்பது வினாடிக்கு மேல் போனது.

அன்று நான் எழுதிய குறிப்பில் 'உப்புத்தாள் உருளை, ஆறு' என்று மட்டும் இருக்கிறது. ஆனால் அன்றுதான் ஆரம்பித்தது.

கருப்பையாவின் கை தினமும் பயிற்சியில் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்துகொண்டே வந்தது. அதனால் ஒரு கரண்டி ஒரு மாதத்துக்குமேல் பொருந்தவில்லை. பிடி தொளதொளக்கும், பொன்னுத்தாய் மறுபடியும் மாவு உருட்டுவார், வேறு செய்வார். ஒவ்வொன்றையும் கடைக்குக் கொண்டுவந்து காட்டினார். பிறகு டம்ளருக்கு ஒரு காது. பிறகு சட்டைப் பொத்தானை இழுத்து மாட்ட ஒரு கொக்கி. பாய் ஒவ்வொரு முறையும் உள்ளிருந்து எழுந்து வந்தார். நான் செய்து வைத்த எதற்கும் அவர் எழுந்து வந்ததில்லை, நான்தான் கொண்டுபோய்க் காட்ட வேண்டியிருந்தது.

இதை நான் வீட்டில் சொன்னேன். என் மனைவி கேட்டுவிட்டு, "ஒரு கரண்டிக்கா இம்புட்டு நாளா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க?" என்றாள். கரண்டி இல்லை, வேலை முறை சரியில்லை என்றேன். "அப்ப நீங்க முறையா ஒண்ணு செஞ்சு காட்டுங்க" என்றாள்.

செய்தேன். பூவரசங்கட்டை வாங்கி, வெர்னியர் அளவுகோல் வைத்து, வரைபடம் போட்டு, நான்கு பள்ளமும் ஒரே ஆழம், ஒரே இடைவெளி. ஐந்து ஞாயிற்றுக்கிழமை. கண்ணாடி மாதிரி மெருகு. முஷ்டியாகப் பிடித்துப் பார்த்தால் நடுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் இடையே மேடு குத்தியது. மனிதர் கையில் விரல்களுக்கு ஒரே இடைவெளி கிடையாது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். கோபத்தில் அடுப்பில் போட எங்கள் வீட்டில் விறகடுப்பும் இல்லை. மறுநாள் குப்பை வண்டியில் போட்டேன்.

இப்போது அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன்.

அதற்கு முந்தின சனிக்கிழமை பாய் கண்ணாடி அலமாரியைத் துடைத்து அடுக்கினார். பொருந்தாமல் போன பழைய கரண்டிகளில் ஒன்றை பொன்னுத்தாயிடம் கேட்டு வாங்கி வைத்திருந்தார். அதை முதல் தட்டில் வைத்தார். என் மலைக்கோட்டைப் பலகையை எடுத்து, தண்ணீர் கேனுக்கு மேலே சுவரில் மாட்டினார். "சந்திரா, அங்க இருந்தா வர்றவுக எல்லாத்துக்கும் தெரியும்" என்றார். அவர் அப்படித்தான் நினைத்தார் என்று இப்போது நம்புகிறேன். அன்று நம்பவில்லை. அன்று மாலையே மகள் வீட்டுக்குத் திருச்சி கிளம்பிப் போனார்.

திங்கள் காலை பத்தே காலுக்கு பொன்னுத்தாய் வந்தார். மிஷினில் பொறி பறக்கிறது, விட்டு விட்டு ஓடுகிறது என்றார். ஓட விட்டுப் பார்க்காமலேயே தெரிந்தது. கார்பன் தேய்ந்து முடிந்துவிட்டது.

"அண்ணே, அடுத்த புதன்கெழம மகளுக்கு நிச்சயம். மாப்ள வீட்டுல இருந்து முப்பது பேரு வாராக. இவரு சம்பந்திகூட பந்தியில உக்காரணும். போன மாசத்துக் கரண்டி இப்ப கையில நிக்க மாட்டேங்குது. புதுசுக்கு மாவெல்லாம் புடிச்சு வச்சுட்டேன். நாளைக்குக் குடுத்துருவீகளா?"

என் மேசை இழுப்பறையில் இடது மூலையில் மூன்று ஜோடி கார்பன் இருந்தது. நாங்கள் விற்கும் கம்பெனி மிஷினின் அளவு. அவருடைய மிஷினுக்கு அரை மில்லி பெரிது. கண்ணாடித் துண்டின்மேல் மெல்லிய உப்புத்தாள் வைத்து, நான்கு பக்கமும் சமமாகத் தேய்த்தால் உட்கார்ந்துவிடும். பழையதை எடுக்கும்போது எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று பென்சிலால் குறித்துக்கொண்டு, புதியதைப் போட்டு, பத்து நிமிடம் குறைந்த வேகத்தில் சும்மா ஓடவிட்டால் கரி முகம் படிந்துவிடும். எல்லாம் சேர்த்து அரை மணி நேரம். இந்த ஊரில் எல்லா சர்வீஸ்காரரும் செய்வதுதான். ஆனால் கம்பெனிப் புத்தகத்தில், கார்பனைத் தேய்த்துப் போடக் கூடாது, அந்தந்த மிஷினுக்குரியதையே போட வேண்டும் என்று இருக்கும். அந்த வரியை அதுவரை நான் யாருக்கும் சொன்னதில்லை.

"கார்பன் போகணும். இந்த அளவு நம்மகிட்ட இல்ல. கோயமுத்தூர்ல இருந்து வரணும். எட்டு நாள், பத்து நாள் ஆகும்."

"வேற எதையாச்சும் தேச்சு மாத்திப் போட முடியாதாண்ணே?"

அவருக்கு அது எப்படித் தோன்றியது என்று எனக்குத் தெரியவில்லை. அதுதான் என்னை இன்னும் இறுக்கியது. "அப்படியெல்லாம் போடக் கூடாதும்மா. மிஷின் போயிரும்" என்றேன்.

"வாடகைக்கு எதுவும் மிஷின்?" என்றார். இல்லை என்றேன். கடையில் செய்து காட்டும் மிஷின் என் கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அவர் அதைப் பார்த்தார், கேட்கவில்லை. போய்விட்டார். மிஷினில் சீட்டு கட்டினேன்: 'கார்பன், கோவை.' என் கையெழுத்து எப்போதும்போல் தெளிவாக இருந்தது.

செவ்வாய், புதன், வியாழன் என்று போயிற்று. இடையில் ஒரு நாள் இழுப்பறையைத் திறந்தேன், மூடினேன். நாளைக்கு என்று நினைத்தேன். அவர் ஃபோன் செய்தபோது "வரல" என்று சொன்னேன். அந்த ஒன்பது நாளும் அவர் கடைக்கு வரவில்லை, புதுக் கரண்டியும் வரவில்லை, பாயும் இல்லை. எனக்கு வேலை நன்றாக ஓடியது. அதை மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் அந்த ஒன்பது நாளும் நான் நன்றாகத் தூங்கினேன்.

நிச்சயம் முடிந்த மறுநாள், வியாழன் காலை பாய் வந்தார். அலமாரியில் தொங்கும் மிஷின்களை வரிசையாகப் பார்த்தார். பொன்னுத்தாய் மிஷினை எடுத்து, சீட்டைப் படித்து, பிளக்கில் செருகினார். அது இரண்டு முறை கனைத்துப் பொறி விட்டது. இந்தமுறை முப்பது வினாடி தேவைப்படவில்லை.

"கார்பனுக்கா கோயமுத்தூர்?"

"அளவு வேற பாய்."

அவர் என் இழுப்பறையைத் திறந்தார். இடது மூலைக்கே கை போயிற்று, நான் எதை எங்கே வைப்பேன் என்று அவருக்குத் தெரியும். மூன்று ஜோடியையும் மேசையில் எடுத்து வைத்தார்.

"இதெல்லாம் யாருக்கு வச்சிருக்க?"

நான் இழுப்பறையைத் தள்ளி மூடினேன்.

"எப்பக் குடுத்துச்சு அந்தப் புள்ள?"

"போன வாரம் திங்கக்கெழம."

"மகளுக்கு நிச்சயம்னு சொல்லிக்கிட்டிருந்துச்சே, அது எப்ப?"

"நேத்து."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சீட்டை மறுபடி படித்தார். "யாரு கை இது?" என்றார்.

இருபத்தாறு வருடத்தில் என்னைப் பார்த்து அவர் அதைக் கேட்டது அந்த ஒரு முறைதான். அதுவும் வேலையில் நடந்த பிசகுக்கு இல்லை.

"என்னுது."

"போட்டு, நீயே கொண்டுபோயிக் குடு. ஏன் லேட்டுன்னும் நீயே சொல்லு. நான் சொன்னா அது கடைக்காரன் பேச்சாப் போயிரும்."

"பாய், அவங்ககிட்ட என்னன்னு சொல்லுவேன்?"

"கார்பன் எங்க இருந்துச்சுன்னு சொல்லு. அம்புட்டுத்தான்."

மறுநாள் வெள்ளி. டவுன் பஸ்ஸில் போனேன். ஸ்டாப்பில் இறங்கி அரை கிலோமீட்டர், செவ்வந்தித் தோட்டத்தை ஒட்டி வீடு. வாசலில் பந்தல்கால் இன்னும் பிடுங்காமல் இருந்தது. கருப்பையா உள்ளே படுத்திருந்தார். பொன்னுத்தாய் முற்றத்தில் காய்ந்த பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"வாங்கண்ணே. கோயமுத்தூர்ல இருந்து வந்துருச்சா?"

நிச்சயம் எப்படி நடந்தது என்று கேட்டேன். எனக்கு முதலில் தெரிய வேண்டியது அதுவாக இருந்தது. அவர் அடுக்குவதை நிறுத்தாமல் சொன்னார்.

"பந்தியில உக்காந்தாரு. எல போட்டாச்சு. வயிறு சரியில்லன்னு சொன்னாரு. அவுக விடல. பொண்ணோட அப்பா வாயில வைக்காம நாங்க எப்படிக் கை நனைக்கிறதுன்னு மாப்ளயோட சித்தப்பா சொல்லிப்புட்டாரு. முப்பது பேரும் எலையப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காக. எம்புட்டு நேரம்ணே அப்படி இருக்க முடியும்? பெறகு எந்திரிச்சு உள்ள வந்தாரு. கதவுக்குப் பின்னாடி நான் ரெண்டு வாய் ஊட்டுனேன். அந்தக் கதவச் சாத்த முடியாது. எல்லாரும் பாத்தாக. அப்புறந்தான் அவுக சாப்பிட்டாக."

"சம்பந்தம்?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆகல. நல்ல மனுசங்கதான். இவருதான் அன்னைல இருந்து கல்யாணத்துக்கு வர மாட்டேங்காரு. நான் அங்க பந்தியில உக்கார மாட்டேன், நீயே தாரை வாத்துக் குடுன்னு சொல்லிட்டுப் படுத்துட்டாரு. இன்னும் பதினாறு நாளு இருக்கு."

நான் சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன். "கார்பன் கோயமுத்தூர்ல இருந்து வரல. என் மேசையிலேயே இருந்துச்சு. நீங்க குடுத்த அன்னைக்கும் இருந்துச்சு."

அவர் கையில் ஒரு குண்டான் இருந்தது. அதைக் கீழே வைத்தார்.

"தெரியாம மறந்துட்டீகளா?"

"இல்ல. தெரிஞ்சுதான்."

"நான் என்னண்ணே செஞ்சேன் ஒங்களுக்கு?"

"நீங்க ஒண்ணும் செய்யல. பாய் உங்க கரண்டிய எடுத்து வச்சாரு. என்னுதை எடுத்துட்டாரு."

இப்படி வாய்விட்டுச் சொல்லும்போது அது எவ்வளவு சின்னதாக இருந்தது என்பதை எழுதி விளக்க முடியாது. அவர் மிஷினை என் கையிலிருந்து வாங்கினார். முற்றத்துப் பிளக்கில் செருகி ஓட விட்டார், நிறுத்தினார்.

"அவருகிட்ட இதச் சொல்லாதீக" என்றார். குரல் ஏறவில்லை. "நான் ஒங்கள ஒண்ணும் சொல்லப் போறதில்ல. சொல்றதுக்கு வேற நாள் இருக்கு. இன்னைக்கு நீங்க இங்க இருந்து சாப்பிட்டுட்டுத்தான் போகணும். வெளியாளு ஒருத்தரு முன்னாடி அவரு சாப்பிட்டுப் பாக்கணும். சொந்தக்காரக எல்லாரும் அந்தக் கதவப் பாத்தவுக. நீங்க பாக்கல."

மாவு பிடித்த அச்சு தயாராக இருந்தது, கட்டையும் பாதி வெட்டியிருந்தது. முந்தானையை மூக்கைச் சுற்றிக் கட்டி, கண்ணாடி போட்டுக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்தார். ஒன்றே முக்கால் மணி நேரம். நான் எதிரே கட்டிலில் இருந்து பார்த்தேன். அதே கத்திரிக்காய்ப் பிடிதான். வேகத்தை நான் சொன்னதைவிடக் குறைவாகவே வைத்திருந்தார். ஒரு முறைகூட மிஷின் சத்தம் இறங்கவில்லை. அவ்வப்போது நிறுத்தி, அச்சைப் பார்க்காமல் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, மறுபடியும் ஓட்டினார். என் விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்திருந்த காலம் அது. தடவிப் பார்த்தால் எனக்கு ஒன்றும் தெரியாது. எதிரில் உட்கார்ந்து, தப்புச் செய்தவனாக வந்திருந்தும், எனக்கு அந்தக் கட்டைவிரல்மேல்தான் பொறாமையாக இருந்தது.

மதியம் ஒன்றரைக்கு இரண்டு இலை போட்டார். கருப்பையாவை எழுப்பிக் கூட்டி வந்தார். உயரமான ஆள், ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தார். என்னைப் பார்த்ததும் உள்ளே திரும்பப் போனார்.

"எங்க போறீக? மிஷின் கடைக்காரரு. திண்டுக்கல்லுல இருந்து நமக்காக வந்திருக்காரு. பசியோட அனுப்பவா?"

"அவரு சாப்பிடட்டும். நான் அப்புறமா..."

"ஒத்த எலையில அவரு எப்படி உக்காருவாரு? கூச்சப்பட மாட்டாரா?"

அவர் உட்கார்ந்தார். சோறு, குழம்பு, கத்திரிக்காய் வெஞ்சனம். பொன்னுத்தாய் கரண்டியை அவர் கையில் வைக்கவில்லை. இலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். சாத்தாத அந்தக் கதவைத் தாண்டித்தான் போனார், திரும்பிப் பார்க்கவில்லை.

கருப்பையா இடது கையால் கரண்டியை எடுத்து வலது கை விரல்களுக்குள் செருகினார். பள்ளங்களில் விரல்கள் ஒவ்வொன்றாக உட்கார்ந்தன. சுண்டுவிரல் கடைசியாக. நான் குனிந்து என் சோற்றைப் பிசைந்தேன். பார்க்கக் கூடாது என்று தெரியும், ஆனாலும் பார்த்தேன். கரண்டி கழுத்துக்குக் கீழே, பிடி ஆரம்பிக்கும் இடத்தில், பிட்டு ஒரே இடத்தில் நின்றதால் கருகிய ஒரு புள்ளி. மிளகு அளவு இருக்கும். அதைக் கண்டுபிடித்த அந்தக் கணம் எனக்குள் ஒரு சந்தோஷம் எழுந்தது. இவ்வளவுக்குப் பிறகும் எழுந்தது.

அந்தப் புள்ளி மேலே எழும்பியது. தோள் முதலில் வந்தது, பிறகு முழங்கை. பாதி வழியில் கை நடுங்கிக் கொஞ்சம் சோறு சட்டையில் விழுந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தேன். மீதி வாய்க்குப் போனது.

"மிஷினு நல்லா ஓடுதாமே சார். நல்லாப் பாத்துக் குடுத்திருக்கீக."

"கார்பன்தான் போயிருந்துச்சு. மாத்தியாச்சு."

"நான் வெவசாயத்துல அம்புட்டு மோட்டாரு பாத்திருக்கேன். கார்பன் தேஞ்சா ஒடனே மாத்திரணும் சார், இல்லன்னா உள்ள காயில் போயிரும்."

"ஆமா."

இரண்டாவது வாய். மூன்றாவது. பிறகு நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். எதையும் எண்ணாமல் விட்டது எனக்குப் பழக்கம் இல்லாதது. அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுபோயிருந்தது. அவர் இலையில் சோறு தீர்ந்தது. கரண்டியால் இலையை ஒரு சுற்று வழித்தார். கதவைப் பார்த்தார். கூப்பிடலாமா என்று யோசித்ததுபோல் இருந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சார், அவ வேலையா இருக்கா போல. சோத்துச் சட்டி ஒங்க பக்கந்தான் இருக்கு. செத்த போடுறீகளா?"

நான் எழுந்து போட்டேன்.

"கொழம்பு?"

"ஊத்துங்க. இன்னுங் கொஞ்சம். நீங்களும் போட்டுக்கங்க சார், கல்யாணத்தன்னைக்கு ஒங்கள எம்பக்கத்துலதான் உக்கார வைப்பேன்."